இனிப்பு இறங்காத பலகை

தம்பி,

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இது உன் கைக்கு வந்தாக வேண்டும். தபாலை நம்பி அனுப்ப மனம் வரவில்லை. சனிக்கிழமை காலை பஸ்ஸில் நானே ஷா ஆலம் வந்து உன் கையில் கொடுப்பேன். கொடுத்துவிட்டு உன் பிளாட்டுக்குக் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பேன். முழுவதும் படித்துவிட்டு இறங்கி வா. வர மனமில்லை என்றால் வராதே. மூன்று மணிக்குமேல் நான் பஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் என் லட்சணம் என்னவென்று போன ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டது.

அன்றைக்கு நீயும் கவிதாவும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினீர்கள். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை, சீர்வரிசை, மண்டபம் என்று எவ்வளவோ இருக்க, உங்கள் இரண்டு பேருக்கும் சண்டை ஒரு வெள்ளைப் பூனையைப் பற்றி. "அங்கிள், எட்டு வருசமா என்கூட இருக்கு அங்கிள். இவரு பேச்சே கேக்க மாட்றாரு. நீங்களாச்சும் சொல்லுங்கலா," என்றாள் அவள். பின்னால் உன் குரல். "எங்கம்மா எப்படி செத்தாங்கன்னு உனக்குத் தெரியும்ல? நான் வளத்த பூனையாலதான். இன்னொரு பூன என் வீட்டுக்குள்ள வராது. வேணும்னா அப்பாகிட்டயே கேளு." அதற்கப்புறம் இரண்டு பேரும் என் பதிலுக்காகக் காத்திருந்தீர்கள். "அவன் சொல்றது சரிதாம்மா," என்றேன். அவள், "ஓகே அங்கிள். அடுத்த ஞாயித்துக்கெழம என் ஃப்ரெண்டு வந்து பூனைய எடுத்துட்டுப் போயிருவா," என்றாள். மரியாதை தெரிந்த பெண். போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. தேத்தண்ணி போட்டுக் குடித்தேன், கப்பைக் கழுவிக் கவிழ்த்தேன்.

நான் சொன்னது பொய். அதே பொய்யை இரண்டாவது தடவை சொன்னேன். முதல் தடவை உனக்குப் பன்னிரண்டு வயது.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தால் ஃபேக்டரியில்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. செலண்டார் பக்கத்தில் நான் வேலை செய்த பலகை ஃபேக்டரி உனக்கு வெளி கேட் வரைக்கும்தான் தெரியும். உள்ளே என்ன செய்தேன் என்று நீ கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. வயதாகிக் காய்ப்பு குறைந்த, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களைத் தோட்டங்களில் சாய்ப்பார்கள். அந்தத் தண்டுகளை லாரியில் கொண்டுவந்து சீவலாக்கி, பசை கலந்து, சூட்டில் அழுத்திப் பலகை செய்வோம். இதில் ஒரு தொல்லை உண்டு. செம்பனைத் தண்டு முழுக்க இனிப்புத் தண்ணீர். வெட்டி இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் கள்ளு வாசம் வந்துவிடும். லாரி திரும்பும்போதே, "வந்திருச்சுலா கள்ளுக்கடை!" என்று தோட்டத்தில் பிறந்த நாங்கள் கத்துவோம். அந்த இனிப்பை எடுக்காமல் பலகை செய்தால் பசை ஒழுங்காகப் பிடிக்காது, ஈரம் பட்டால் ஊதிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, பூஞ்சை அதைத் தேடி வரும். நமக்குச் சோறு மாதிரி அதற்கு அந்த இனிப்பு. அதனால் சீவலைப் பெரிய தொட்டியில் வெந்நீர் ஊற்றி மணிக்கணக்கில் ஊறவைப்போம். வடிப்போம், மறுபடி வெந்நீர் ஊற்றுவோம். வடிகிற தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்து, கண்ணில் வைத்துப் பார்க்கும் ஒரு சின்னக் குழாயில் விட்டால் எவ்வளவு இனிப்பு இருக்கிறது என்று கோடு காட்டும். கோடு கீழே இறங்கினால்தான் சீவல் காயப் போகும். 'இனிப்பு இறங்கிருச்சா?' என்பதுதான் அந்த இடத்தில் நாள் முழுக்கப் பேச்சு. இறங்கிவிட்டது என்று கையெழுத்துப் போடும் மண்டோர், அந்த இடத்து மேஸ்திரி, நான்.

குழாயெல்லாம் எனக்குத் தேவையில்லை என்று ஒரு திமிர் இருந்தது. அகப்பையில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துச் சொல்வேன், பிறகு குழாயில் பார்த்தால் கிட்டத்தட்ட அதையே காட்டும். பையன்கள் எனக்கு 'நாக்கு மண்டோர்' என்று பேர் வைத்தார்கள். அது கிண்டல்தான், ஆனால் நான் அதைப் பட்டம் மாதிரி வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் குழாய் பழுது பார்க்கப் போயிருந்தது. பாய்லரும் சரியில்லை, தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. அந்த வாரத்தில் ஒரு நாள் எங்கள் கல்யாண நாள். அம்மா ஒரு அடுக்குப் பாத்திரம் நிறையக் கேசரி கிண்டி என் செக்‌ஷன் ஆட்களுக்கெல்லாம் கொடுத்தனுப்பியிருந்தாள். நெய்யும் முந்திரியும் மிதக்கும் கேசரி. நான் மூன்று தடவை வாங்கித் தின்றேன். தின்ற வாயோடு தொட்டிக்குப் போய் அகப்பையில் எடுத்து நக்கினேன். சப்பென்று இருந்தது. "இறங்கிருச்சு, அனுப்பு," என்று கையெழுத்துப் போட்டேன். கேசரி தின்றவனுக்குத் தேத்தண்ணியில் சீனி தெரியாது என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

இரண்டு மாதத்தில் அந்தப் பலகைகள் திரும்பி வந்தன. மூவாரில் மேசை செய்கிற ஒருவர் அனுப்பியிருந்தார்; ஓரமெல்லாம் சாம்பல் நிறத்தில் ரோமம் மாதிரி முளைத்திருந்தது. விசாரித்தார்கள். பாய்லர்தான் காரணம் என்று முடித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம் என்று மேனேஜர் சொன்னதும் முதல் ஆளாகக் கை தூக்கியது நான்தான். சும்மா கிடைக்கிறது என்ற ஆசை பாதி. ஸ்டோரைக் கடந்து போகும்போதெல்லாம் அந்த அடுக்கைப் பார்க்க வேண்டியிருந்தது மீதி. ஆக, என் தப்பை நானே லாரி பிடித்துப் புக்கிட் காத்தில் ஊரில் இருக்கும் நம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அம்மா சமையலறைக்குப் பின்னால் ஒரு மூலையில் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். தாளிக்கிற புகை துணியில் ஏறுகிறது என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பலகைகளை வெளுப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்து, வெயிலில் சாய்த்துவைத்து, இரண்டு பக்கம் சுவர் மாதிரி அடித்துக் கொடுத்தேன். நீதான் திருகாணி எடுத்துக் கொடுத்தாய். அம்மா பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது இனிப்பு இறங்காத பலகதான?" என்று கேட்டாள். நான் பேசிப் பேசி அவளுக்கும் அந்தப் பேச்சு பழகியிருந்தது. "பெயிண்டு அடிச்சா ஒண்ணும் ஆகாதுலா," என்றேன். அவள் நம்பினாளோ இல்லையோ, எனக்கென்று ஒரு ரூம் என்று சந்தோஷப்பட்டாள். வாசலில் ஒரு திரைகூடத் தைத்துப் போட்டாள்.

முதல் மழைக்காலத்திலேயே கீழ் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. தீபாவளிக்கு நீல பெயிண்ட் அடித்தேன். அடுத்த வருஷம் பச்சை. அதற்கடுத்த வருஷம் அம்மா கேட்ட ரோஸ். வருஷம் தவறாமல் மனைவி ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கிறார் பாருங்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் புருஷன்மார்களிடம் என்னைக் காட்டிப் பேசினார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். அம்மாவுக்கு மூச்சிழுப்பு ஆரம்பித்ததும் அந்தக் காலத்தில்தான். அதே சமயத்தில்தான் நீ பள்ளிக்கூட வாசலிலிருந்து உன் பூனை சோமெலைச் சட்டைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாய். மலாயில் அழகு என்று அர்த்தம் வரும் பேர். ஒரு காது கிழிந்து, வால் வளைந்து இருந்த அதற்கு அந்தப் பேர் வைத்ததற்காக அம்மா உன்னை எவ்வளவு கிண்டல் செய்தாள்!

கிளினிக்குக்கு நாம் மூன்று பேரும் போன நாள் உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ கேட்டது பாதிதான். மலாய்க்கார டாக்டர், சின்ன வயதுப் பெண், அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார், வீட்டில் பூனை உண்டா என்று. அம்மா வாயைத் திறப்பதற்குள் நான், "அடா, டாக்டர், அடா. கூச்சிங் இருக்கு," என்றேன், உண்டு, பூனை உண்டு என்று மலாய் கலந்து. எங்கே வைத்திருக்கிறீர்கள், துணிமேல் படுக்குமா என்று அவர் கேட்கக் கேட்க நான் அடுக்கிக்கொண்டே போனேன். நீ தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டாய். நீ போன பிறகு அவர் இன்னொன்று கேட்டார். வீட்டுச் சுவரில் ஈரமோ பூஞ்சையோ இருக்கிறதா என்று. "இல்லை," என்றேன். அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இந்த ஆள் இப்படிச் சொல்வான் என்று எதிர்பார்க்காத ஒருத்தி பார்ப்பதுபோல்தான் பார்த்தாள். கேள்வி அவளுக்கு, நெஞ்சு அவளுடையது, பதில் சொன்னது நான். கவிதாவிடம் யாராவது எதையாவது கேட்டால் அவளே பதில் சொல்லட்டும், தம்பி. உனக்கு நான் சொல்லித் தரக்கூடியது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் நீ என்னைவிட நன்றாகச் செய்வாய்.

மறுநாள் சோமெலை ஒரு பிஸ்கட் பெட்டியில் போட்டு பெம்பான் பாசாருக்குக் கொண்டுபோனோம். நீ மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்திருந்தாய். மீன் கடைக்குப் பக்கத்தில் இறக்கி விட்டுத் திரும்பும்போது என் முதுகில் வாயை வைத்து, "அப்பா, அம்மாவுக்கு நாளைக்கே சரியாயிருமா?" என்று கேட்டாய். "ஆயிரும்," என்றேன். ஆகவில்லை. பூனை போன பிறகும் இழுப்பு அப்படியே இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நீதான் ஒரு வழி கண்டுபிடித்தாய்; ரோமம் இன்னும் துணியில் ஒட்டியிருக்கும் என்று சொல்லி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவின் துணிகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு ஒட்டுடேப்பால் ஒற்றி ஒற்றி எடுத்தாய். மாதக்கணக்கில் எடுத்தாய். நான் ஹாலில் உட்கார்ந்து அந்த டேப் கிழிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு செய்தி பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்துப் பாசாருக்குப் போனபோது சோமெலைப் பார்த்தேன். மீன்காரப் பெண்மணியின் மேசைக்கடியில் வயிறு தள்ளப் படுத்திருந்தது. என்னைப் பார்த்துக் கத்தக்கூட இல்லை. உன்னிடம் சொன்னால் பார்க்க வேண்டும் என்பாய், பார்த்தால் திரும்பக் கொண்டுவரலாமா என்பாய், பூனை போயும் அம்மாவுக்கு ஏன் சரியாகவில்லை என்று ஒருநாள் கேட்பாய். அதனால் சொல்லவில்லை. அது நான்கைந்து வருஷம் அங்கேதான் இருந்தது, தம்பி. நன்றாகத்தான் இருந்தது. செத்துப்போயிருக்கும் என்று நினைத்து நீ அழுதது எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கும் எல்லாம் தெரியும். கிளினிக்கிலிருந்து வந்த அன்றே, தைத்த ரவிக்கைகளை மடித்துக்கொண்டே, "பையன் மூஞ்சியப் பாத்தீங்களா? அவன்கிட்ட சொல்லிருங்க," என்றாள். "என்னத்த?" என்றேன். "சொவத்தப் பத்தி," என்றாள். "லீவு வரட்டும், கழட்டிப் போட்டுட்டுச் சொல்றேன்," என்றேன். லீவு வந்தது. பலகையைக் கழற்றினால் ஏன் கழற்றுகிறாய் என்று நாலு பேர் கேட்பார்கள், அதில் ஒருத்தன் ஃபேக்டரி ஆளாக இருப்பான் என்று எனக்குப் பயம். பெயிண்ட் அடித்தேன். அவள் போவதற்கு ஒரு வாரம் முன்பு மறுபடியும் கேட்டாள். "இன்னும் சொல்லலையா?" அவளே உன்னிடம் சொல்லியிருக்கலாம். அப்பன் வாயால்தான் வர வேண்டும் என்று எனக்காக விட்டுவைத்தாள்.

அந்தப் பூஞ்சைதான் அம்மாவைக் கொண்டுபோனது என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றே சொல்லியிருக்கலாம், யார் கண்டது. மழை கொட்டிய ஒரு மத்தியானம், மெஷினில் பாதி தைத்த துணி அப்படியே இருக்க, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் காரிலேயே முடிந்துவிட்டது. உனக்குப் பதினான்கு வயது. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் நீ, "என் பூனையாலதான், என் பூனையாலதான்," என்று சொன்னாய். உன் சித்தி உன்னைக் கட்டிக்கொண்டு, "அப்படியெல்லாம் சொல்லாதய்யா," என்று அழுதாள். நான் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றேன். நீ மொட்டைத் தலையோடு தோளில் குடம் வைத்து அம்மாவைச் சுற்றி வந்தபோதும் உன் வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாய் என்று நினைக்கிறேன். அப்போது சொல்லியிருந்தால் நீ என்னை வெறுத்திருப்பாய். வீட்டில் மிச்சம் இருந்தது நீ ஒருத்தன்தான். அந்தப் பயத்தில் ஒரு பிள்ளையின் தலையில் தாயின் சாவை வைத்துவிட்டு, அவனுக்கு மூன்று வேளையும் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அந்தச் சுவரைக் கழற்றினேன். அம்மா போன பிறகும் நான் தீபாவளிதோறும் பெயிண்ட் அடித்துக்கொண்டுதான் இருந்தேன், வெறும் வெள்ளை. கழற்றும்போது பெயிண்ட் தோல்தோலாக உரிந்து வந்தது. மேலே வெள்ளை, உள்ளே ரோஸ், பச்சை, நீலம். பின்பக்கம் முழுவதும் சட்டியின் அடி மாதிரிக் கறுப்பு. இத்தனை வருஷம் கழித்தும் புளித்த வாசம் ஒன்று இருந்தது. பழைய பழக்கம், ஒரு துண்டை நாக்குக்கிட்டே கொண்டுபோய்விட்டேன். அப்புறம் கீழே போட்டேன். கூடத்தில் ரத்தக் கால்தடங்கள் இருப்பதைப் பிறகுதான் கவனித்தேன். திருகாணி ஒன்று உள்ளங்காலில் ஏறியிருந்திருக்கிறது. இந்தச் சர்க்கரை வியாதி, இனிப்புநீர், வந்த பிறகு பாதத்தில் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. வலிக்காத காலைத் தூக்கி வைத்து, திருகாணியைப் பிடுங்கி, மருந்து போட்டேன். அந்த நேரத்திலும், இதை எழுதுகிற இந்த நேரத்திலும், நெஞ்சிலும் ஒன்றும் தெரியவில்லை. உன்னைப் பார்த்தால் தெரியுமோ என்னவோ. கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டேன், பயப்படாதே.

பலகைகளை வாசலில் அடுக்கியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர், "ஏன் சார் கழட்டிட்டீங்க? கல்யாணத்துக்கு ரெனவேஷனா?" என்று கேட்டார். "இல்லைங்க. நான் சரியாப் பாக்காம பாஸ் பண்ணின பலக. வீட்டுல வெச்சிருந்திருக்கக் கூடாது," என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தலையாட்டிவிட்டுப் போனார். பதினேழு வருஷமாக எந்தக் கேள்விக்குப் பயந்தேனோ, அதற்குப் பதில் சொல்லி முடிக்க அவ்வளவு நேரம்தான் ஆனது. பின்பக்கம் இப்போது திறந்து கிடக்கிறது. அம்மாவின் மெஷின் அங்கேயே இருக்கிறது, வெளிச்சம் அதன்மேல் விழுகிறது. ஜன்னலோரம் ஒரு பூனை படுப்பதற்கு இடம் இருக்கிறது.

இந்தக் கடிதத்தைக் கவிதாவிடம் கொடு. அவள் படிக்கட்டும். அவளிடமும் நான் பொய் சொல்லியிருக்கிறேன். நீ என்னைக் கல்யாணத்தில் எந்த இடத்தில் உட்கார வைத்தாலும், உட்கார வைக்காவிட்டாலும், நான் எதுவும் கேட்க மாட்டேன். அந்த ஃப்ரெண்டிடம், பூனையை எடுக்க வர வேண்டாம் என்று மட்டும் இன்றைக்கே சொல்லச் சொல்.

அம்மா உன்னிடம் சொல்லச் சொன்னது ஒரே ஒரு விஷயம். இரண்டு தடவை கேட்டாள். இப்போது சொல்லிவிடுகிறேன். உன் பூனை இல்லை, தம்பி. என் சுவர்.

மூன்று மணி வரைக்கும் கீழேதான் இருப்பேன்.

அப்பா